பக்க எண் மட்டும்

தஞ்சாவூர்
ஜூலை 19

மதிப்பிற்குரிய ரெத்தினம் ஐயாவுக்கு,

மதிவதனி எழுதுவது. ஐதராபாத்தில் மகள் வீட்டில் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

இது நான்காவது கடிதம். சமூகவியல் துறையின் பொன்விழா மலருக்கு, ஓய்வுபெற்ற பேராசிரியர்களிடம் பணிக்குறிப்பு ஆளுக்கு ஒரு பக்கம் கேட்டிருந்தேன். நீங்கள் பத்தொன்பது அனுப்பினீர்கள். சுருக்கித் தரச் சொன்னேன். இருபத்திரண்டாக வந்தது. கருத்தரங்குகள் நாற்பத்தொன்று. பொன்னாடைகள் தேதிவாரியாக.

ஜெக்கரியா ஐயா ஒரே வரிதான் அனுப்பினார். முப்பது வருஷம் பாடம் நடத்தினேன், இப்போது திருக்காட்டுப்பள்ளியில் வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறேன், வாழை கொஞ்சம் பேச்சைக் கேட்கிறது என்று. துறைத்தலைவர் இரண்டையும் என் மேசையில் போட்டு, நடுவாந்திரமாக யாரும் எழுத மாட்டார்களாம்மா என்றார். கௌரவ விரிவுரையாளருக்கு இந்த வேலைகளும் சேர்த்துத்தான்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொன்னாடைக்காக இல்லை.

இருபத்திரண்டு பக்கத்தில் எங்கள் ஊருக்கு ஒரு வரி. "1987–88, டெல்டா கிராமம் ஒன்றில் பதினான்கு மாதக் களப்பணி." உங்கள் ஆங்கிலப் புத்தகம், பதவி எல்லாம் அந்த வரியிலிருந்து வந்தவை. உங்கள் எதிர்வீட்டுப் பக்கிரியின் மகள் நான். போன கடிதத்திலும் சொன்னேன். நீங்கள் ஊரைவிட்டுப் போன மூன்றாம் மாதம், நான் பிறப்பதற்கு முன்பே, அப்பா இறந்துவிட்டார். ஒரு படம்கூட இல்லை.

சாயங்காலமானால் உங்களிடம் உட்கார்ந்து பேசுவாராம். நீங்கள் எழுதிக்கொண்டே இருப்பீர்களாம். புத்தகத்தில் இருபத்து மூன்று பேர் பேசுகிறார்கள். எல்லாம் நீங்கள் வைத்த பெயர்கள். வயது, குடும்பம், தெரு, எல்லாம் மாற்றி. ஊரில் வீடு வீடாகக் கேட்டுக் கழித்ததில் இருவர் மிஞ்சினார்கள். அறுப்பை நிறுத்திக் களத்தில் நின்ற மருதன். நின்றவர்களின் பெயரைப் பண்ணையில் போய்ச் சொன்ன காத்தான்.

எம்.ஏ. தேர்வில் மருதனின் எதிர்ப்பை மதிப்பிடச் சொன்னீர்கள். பதினைந்துக்குப் பதினொன்று போட்டீர்கள். அப்பாவைப் பற்றித்தான் எழுதினேனா, தெரியவில்லை.

இருவர் பேசியதையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அந்த மனுஷன் இங்கிலீசில் பேசினால் நான் எங்கே கண்டேன், திட்டினால் தெரியும், எங்கேயாவது திட்டுகிறாரா பாரு என்றாள். பார்த்தேன். இருபத்து மூன்று பேரில் ஒருவர்கூடத் திட்டவில்லை.

தகவல் தந்தவரைக் காப்பது ஆய்வாளரின் கடமை என்று மூன்று பக்கம் பதில் எழுதினீர்கள். அதைத்தான் ஐயா, நானும் செவ்வாய்தோறும் முதலாண்டுக்கு நடத்துகிறேன். யாரிடமிருந்து காக்கிறீர்கள்? பண்ணை வீடு இப்போது கல்யாண மண்டபம். மிச்சம் இருப்பது பக்கிரியின் மனைவியும் மகளும்.

அப்பா காத்தானாக இருந்தால் நான் தாங்குவேனா என்று தயங்குகிறீர்களோ என நேற்று பஸ்ஸில் தோன்றியது. புத்தகத்தில், ஏன் சொன்னாய் என்று நீங்கள் கேட்க, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்கிறார் காத்தான். எல்லோருடைய குடும்பத்தையும் மாற்றினீர்கள். அந்த ஒரு வரியை மாற்ற மறந்துவிட்டீர்களா?

அம்மாவுக்குச் சொன்னபோது அந்த வரியைத் தாண்டிவிட்டேன்.

என் விலாசம் எழுதி ஓர் அஞ்சலட்டை வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம். உங்கள் கடமை கெடாது. அப்பா பேசும் பக்க எண் மட்டும். இருபத்திரண்டு பக்கத்தையும் மலரில் போடுகிறேன். ஒரு பொன்னாடைகூடக் குறையாது. துறைத்தலைவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உண்மைப் பெயர்ப் பட்டியலை எரித்துவிட்டேன், இனி என் தலைக்குள் மட்டும்தான் என்று வகுப்பில் சொன்னீர்கள். பிரஷர் மாத்திரையை விடாதீர்கள். படியில் பார்த்து இறங்குங்கள். நீங்கள் நெடுநாள் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் மாணவி,
பக்கிரி மகள் மதிவதனி