உன் கைகள் அல்ல அவை

புது ஃபிளெக்ஸைப் பிரிக்கும்போது மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் வருமே, நினைவிருக்கிறதா? "இத மோந்தா எனுக்குத் தல சுத்துதுடி, நீயே கட்டு" என்று சுருளை என் தோளில் சாய்த்துவிட்டு நீ சமையற்கட்டுப் பக்கம் நழுவிவிடுவாய். இன்று காலை புத்தூர்க் கல்யாண மண்டபத்தில் அதே நாற்றம். சுருளைப் பிரித்தேன். உள்ளே நீ இருந்தாய்.

நம் டிரஸ்ட்டின் சாப்பாட்டு விழாதான். டிக்கெட் வாங்கியவர்களுக்கு வாழை இலையில் விருந்து, சேருகிற பணம் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு. வருடா வருடம் நீயும் நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பார் வாளி தூக்கிய அதே விழாவை, இந்த வருடம் உன் பெயரில் நடத்துகிறார்கள்.

அந்தப் படம் எனக்குத் தெரியும். கையில் வாளியும் கரண்டியுமாக, யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நீ நின்ற படம். முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கழுத்துக்குக் கீழே யாருடைய உடம்பையோ வைத்து, யாருடைய கைகளையோ கும்பிட வைத்திருந்தார்கள். அந்தக் கைகளில் தங்க வளையல் வேறு. உனக்கு ஏதடி தங்க வளையல்? கீழே தெலுங்கில் பெரிதாக ஒரு வரி: 'என் நிலை யாருக்கும் வரக்கூடாது, உதவுங்கள்.' நீ சொன்னதாம்.

"டிசைன் எப்டிம்மா? பாத்தாலே கண்ணுல தண்ணி வர்தில்ல?" என்றார் டிரஸ்ட் செக்ரட்டரி.

"அவ கையில வாளி இருந்திச்சே சார்."

"பரவாலேதம்மா. வாளி இருந்தா சமையக்காரம்மான்னு நெனச்சுக்குவாங்க. கும்பிட்டாத்தான் ஜனத்துக்கு மனசு எளகும்."

மனுஷன் கொஞ்சமும் மாறவில்லை. முதலில் மேடை, பிறகுதான் இலை என்பது அவருடைய சட்டம். "இலை போட்டுட்டா எவனும் மேடையப் பாக்க மாட்டான்" என்பார். உதவி கேட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, சால்வை வாங்கி, மைக்கில் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். பசியோடு உட்கார்ந்திருக்கும் ஊர் அதைக் கேட்க வேண்டும்.

பலமனேரிலிருந்து அந்தத் தக்காளி விவசாயி வந்த வருடத்தை எப்படி மறப்பேன்! ஆள் எலும்பும் தோலுமாக இருந்தார். மைக்கை வாயில் திணிக்காத குறையாக நீட்டினார்கள். பேச்சு வரவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். செல்போன்கள் வரிசையாக உயர்ந்தன. அப்போதுதான் நீ, "இலயப் போடுங்கப்பா!" என்று கத்திக்கொண்டு வாளியோடு உள்ளே புகுந்தாய். இலை விழுந்த கையோடு சாம்பாரை ஊற்றிக்கொண்டே போனாய். சோறே வரவில்லை! ஓடுகிற சாம்பாரை இரண்டு கையாலும் அணைகட்டியபடி, "சோறு எங்க? சோறு கொண்டாங்க!" என்று மண்டபமே அலறியது. அத்தனை செல்போனும் கீழே இறங்கிவிட்டது. அந்த மனிதர் பக்கத்துப் படி வழியாக இறங்கிப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

செக்ரட்டரி வாய்க்கு வந்தபடி திட்டினார். "வயசாய்ட்ச்சு சார், வரிச மறந்துட்டேன்" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாய். பிறகு என் காதில் சொன்னாய்: "பசிச்ச கண்ணு இலயத்தான்டி பாக்கும்."

அந்தச் சிறுநீரக நோய் கடைசியில் உன்னையே பிடித்தது. திருப்பதியில் டயாலிசிஸ் செய்துகொண்டு, வடமாலபேட்டை தாண்டுவதற்குள் பஸ்ஸில் என் தோளில் துவண்டு விழுவாய். சிகிச்சை அரசாங்கக் கார்டில் நடந்தது. ஊசி மருந்துக்கும், பஸ் ஏற முடியாத நாட்களில் ஆட்டோவுக்கும்தான் வழியில்லை. டிரஸ்ட் கொடுப்பதே அதற்குத்தானே? இரண்டு பேரும் போய்க் கேட்டோம். "தாராளமா தர்றோம்மா. ரெண்டு நிமிஷம் மேடையில நின்னு பேசிடு. ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதான" என்றார்.

வெளியே வந்துதான் சொன்னாய்: "சோறு போட்ட ஊருக்கு முன்னாடி எப்டிடி கை ஏந்திகினு நிப்பேன்? நான் செத்தாலும் ஏற மாட்டேன்."

ஏறவில்லை. நான் நீட்டிய காசையும் தொடவில்லை. "ஒடம்பு இப்ப தேவலடி" என்று ஒரு தடவை விட்டு ஒரு தடவை டயாலிசிஸுக்குப் போனாய், பிறகு அதுவும் நின்றது. உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. ரோஷம் சோறு போடுமா என்று ஊரையெல்லாம் கேட்பவள், உன் ரோஷத்துக்கு உன்னையே தின்னக் கொடுத்துவிட்டாய். அந்த ஆள் மேல் இருக்கும் கோபத்துக்கு அளவே இல்லை. உயிரோடு இருந்தவரை ஏற்ற முடியாதவளைச் செத்த பிறகு ஏற்றிவிட்டார், கைகளையும் அவரே ஒட்டிவிட்டார்.

ஃபிளெக்ஸைக் கிழித்துப் போடத்தான் கை துடித்தது. அதற்குள் நாயுடுபேட்டை கம்பெனியிலிருந்து லீவு போட்டுவிட்டு உன் மகன் வந்தான். அதன் முன்னால் நின்று, "அம்மா சாமி மாதிரி கீறாங்க சின்னம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்காக அதை மேடைக்குப் பின்னால் நானே கட்டினேன்.

மண்டபம் நிறைந்தது. செக்ரட்டரி அவனை மேடைக்குக் கூப்பிட்டார். ஏதோ மரியாதை செய்யப் போகிறார்கள் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினான். சால்வையைப் போட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, "கடைசி நாள்ல அம்மா எப்டி கஷ்டப்பட்டாங்க, சொல்லு பாபு" என்றார்.

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. முதல் செல்போன் உயர்ந்தது.

அடுத்து என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? இலைக் கட்டைப் பிரித்து விசிறச் சொன்னேன். வாளியைத் தூக்கினேன். சோறில்லாத இலைகளில் ஊற்றினேன், வரிசை வரிசையாக. "சோறு! சோறு!" என்று மண்டபம் அலறியது. ஒரு பெரியவரின் வேட்டியெல்லாம் சாம்பார். என்னைத் திட்டாத ஆள் இல்லை. உன் மகன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அந்த விவசாயி இறங்கிய அதே படி வழியாக இறங்கினான்.

"உனக்கின்னா பைத்தியமா?" என்று செக்ரட்டரி ஓடி வந்தார்.

"வயசாய்ட்ச்சு சார், வரிச மறந்துட்டேன்" என்றேன்.

அதற்குள் சோறு வந்துவிட்டது. எல்லோரும் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். காலி மேடையில் நீ மட்டும் யாருடைய கைகளாலோ கும்பிட்டுக்கொண்டு நின்றாய். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்படி யாராவது தலையைத் தூக்கினால், "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இலையில் ஊற்றினேன்.