கை வைத்த சட்டை

ஆனி 22, ஞாயிறு.

கொழுந்தன் மனைவி செல்விக்குக் குழந்தை பிறந்து இன்றோடு பதினோரு நாள். ஒரு மாசம் வரை பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்று இவருடைய பழைய வேட்டியை வெந்நீரில் அலசி, வெட்டி, ஒரு சட்டை தைத்தேன். நான் ஊசி பிடித்ததே இதற்காகத்தான். வலது கையை மூன்று முறை பிரித்துத் தைத்தும் அது கொஞ்சம் நீளமாகவே நின்றது.

முந்தாநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். "குட்டிச் சாமிக்கு நாளைக்கே போட்டு விடுறேனுங்க அக்கா" என்று செல்வி வாங்கிக்கொண்டாள்.

இன்று சாயங்காலம் போனபோது மாமியார் வாசலில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். கத்தியில் ஒட்டிய பாலை அவர் எண்ணெய் தொட்டுத் துடைத்தது நான் தைத்த அந்தச் சட்டையில்.

"அத்தே, அது குழந்தை சட்டைங்க."

"எனக்கென்ன தெரியும் கண்ணு? பழந்துணின்னு செல்விதான் எடுத்துக் குடுத்தா."

உள்ளே போனேன். குழந்தை மேல் காளப்பநாயக்கன்பட்டிக் கடையில் வாங்கின புத்தம்புதுச் சட்டை. செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளை பெறாதவள் தைத்தது வேண்டாம் என்று நேராகவே சொல்லியிருக்கலாம். பழந்துணியாம். கரித்துணிக்கு யாராவது கை வைத்துத் தைப்பார்களா?