ஒலிநாடாவில் விழுந்த சிரிப்பு

1988 நவம்பர் 16, புதன்
இக்காஸ்ட், டென்மார்க்

மனைவியை இங்கே அழைக்கக் கொடுத்த விண்ணப்பம் இன்னும் இந்த நாட்டு நீதி அமைச்சில் கிடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அவள் பேசி அனுப்பிய ஒலிநாடாவில், "நான் வாறது உங்களுக்கே விருப்பமில்லையோ?" என்று கேட்டிருந்தாள். இன்று பதில் பதிவு செய்ய உட்கார்ந்தேன். வழக்கம்போல், விண்ணப்பத்தை இழுத்தடிக்கும் அமைச்சரைத் திட்டத்தான் வாய் வந்தது.

அறையில் கூட இருக்கும் செல்வம் தொலைக்காட்சியைப் போட்டான். சட்டி கழுவாமல் விட்டதற்காக இவனோடு நான் ஒரு மாதமாகப் பேசுவதில்லை. அந்தப் பழைய ஆங்கில விண்வெளிப் பகிடித் தொடர் மறுபடியும் போனது. உலகமே அழிந்துவிட்டது, கப்பலில் மிஞ்சிய இரண்டு பேர் கோப்பையை யார் கழுவுவது என்று சண்டை பிடிக்கிறார்கள். எத்தனை தரம் பார்த்தாலும் அந்த இடத்தில் சிரித்துவிடுவேன். இன்றும் வாய்விட்டுச் சிரித்தேன்.

பதிவுப் பொத்தான் அமுங்கியே இருந்தது. சிரிப்பை அழிக்கப் போனேன். செல்வம் தடுத்தான்.

"அண்ணை, விசரே உங்களுக்கு? உங்கட புறுபுறுப்பை அக்கா இன்னும் எத்தனை தரம் கேக்கிறது? இதைக் கேக்கட்டும்."

திட்டியதை மட்டும் அழித்தேன். சிரிப்புக்குப் பின்னால் ஒன்று சேர்த்தேன்: "சிரிச்சது நான்தான். நீரும் பக்கத்தில இருந்து பாக்கவேணும்."