லைனில் மூன்றாவது ஆள்

ஜனவரி 7, 1968, ஞாயிறு
இன்றும் எனக்கே டூட்டி. குடும்பம் இல்லாதவள்தானே என்று ஞாயிற்றுக்கிழமைகளை என் தலையில் கட்டிவிடுகிறார்கள். சர்ச் ஆராதனை தவறிப் போயிற்று. உண்மையைச் சொன்னால், மாதத்தின் முதல் ஞாயிறை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அன்றுதான் பேரிகை கிராமத்துப் பூவம்மாள் எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வருவாள், செகந்திராபாத்திலிருந்து அவளுக்கு ட்ரங்க் கால் வரும். புருஷன் முனிராஜ் பட்டாளத்தில் இருக்கிறான்.

லைனைச் சேர்த்துவிட்டதும் ஆபரேட்டர் கீயை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் பேசுவது முழுக்க நம் காதில் விழும். நான் மூடுவதில்லை. எட்டு மாதமாக மூடுவதில்லை. அவன் கதை சொல்வான், அவள் சிரிப்பாள். அந்த மூன்று நிமிடம் எனக்கும் ஒரு வீடு இருக்கிற மாதிரி.

இன்று, சமையல்காரன் சாம்பாரில் உப்பென்று சர்க்கரையைக் கொட்டிய கதை. பாதியில் என்னை மறந்து "ம்" கொட்டிவிட்டேன். கதை சொன்னால் ம் கொட்டித்தானே பழக்கம். அவன் சட்டென்று நிறுத்தினான். "யாரது?" பிறகு, "சரி, ஒடம்பப் பாத்துக்க." வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகுதான் கீயை மூடினேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு
நலமா, நலம், பிள்ளைக்குச் சளி தேவலையா. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பூவம்மாள் டெலிபோன் கூண்டிலிருந்து வெளியே வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். எப்போதும் அங்கேதான் உட்காருவாள்.

"அக்கா, பட்டாளத்துக்காரங்க நாம பேசறத ஒட்டுக் கேப்பாங்களா?"

அவன் கடிதம் எழுதியிருக்கிறானாம். லைனில் மூன்றாவதாக ஒரு ஆள் ம் கொட்டினான், தமிழ் தெரிந்த ஒருவனைப் போட்டுக் கேட்கிறார்கள், இனிமேல் எதையும் பேசாதே என்று.

கேட்டாலும் கேட்பார்கள் என்றேன். எப்படி வாய் வந்தது எனக்கு?

பிப்ரவரி 6
லைன்மேன் சூசையிடம் பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். சண்டை வந்தால் கேட்பார்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள், மற்ற நாளில் யாருக்கு நேரம் என்று சிரித்தார். அவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பட்டாளம் கேட்குமோ கேட்காதோ, அந்த "ம்" பட்டாளத்துடையது இல்லை. அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் 3, ஞாயிறு
அரை நிமிடம்.

பூவம்மாள் இன்று அழவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "பட்டாளம் கேக்குதுங்கறதெல்லாம் சாக்குக்கா. அங்க அவருக்கு வேற யாரோ இருக்கா" என்றாள். மாதக் கடைசியில் அண்ணன் வந்து நாட்றாம்பாளையத்துக்குக் கூட்டிப் போகிறானாம். பிள்ளையோடு தாய் வீட்டுக்கே. இனிமேல் இந்த ட்ரங்க் காலும் வேண்டாம், எதுவும் வேண்டாம் என்றாள்.

நான் போர்டு ப்ளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மார்ச் 9
சொன்னால் வேலை போகும். போனால் எங்கே போவேன்? சாயர்புரத்தில் தம்பி வீட்டில் எத்தனை நாள்?

மார்ச் 12
இன்று முழுக்க நம்பரைத் தவிர யாரும் என்னிடம் எதுவும் பேசவில்லை.

மார்ச் 17, ஞாயிறு
லீவு போட்டுப் பேரிகைக்குப் போனேன். பூவம்மாளுக்கு ஒரே சந்தோஷம். தேவமணியக்கா வீடு தேடி வந்திருக்கு என்று பாய் போட்டாள், செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பின்கட்டில் பெட்டி பாதி கட்டிக் கிடந்தது.

சொல்லிவிட்டேன். பட்டாளமும் இல்லை, வேறு பெண்ணும் இல்லை, அந்த ம் என்னுடையது என்று.

என் வாயையே பார்த்தாள். "எத்தன மாசமா?" என்றாள். சொன்னேன். "அவரு என்னயக் கூப்புடற பேரு... அதுவுமா?" ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அவள் திட்டவில்லை. நான் இன்னும் குடிக்காத தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாசலிலேயே நின்று, அவனுக்கு எழுதிவிடு, என் மேல் புகார் கொடுத்தாலும் கொடு, ஊருக்கு மட்டும் போகாதே என்றேன். பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 7, குருத்து ஞாயிறு
வந்தாள்.

ஸ்டூல் பக்கம் வரவில்லை. வெளியே நின்றாள். கால் வந்ததும் "பேசுங்க" என்று சொல்லிக் கீயை மூடினேன். ஹெட்போனையும் கழற்றி மேசைமேல் வைத்தேன். கூண்டுக் கண்ணாடி வழியாக என் கையையே பார்த்தபடி பேசினாள். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பி நின்றுகொண்டாள். இன்னும் மூன்று நிமிடம் வேண்டும் என்று விரலைக் காட்டினாள், கொடுத்தேன். அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா? தெரியவில்லை. போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

எனக்குப் பொறாமையாக இருந்தது. இருக்கட்டும், இங்கேகூடப் பொய் எழுத வேண்டாம்.

மே 19, ஞாயிறு
ஓய்வு நாள். ஆராதனை முடிந்து பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தேன். பூவம்மாள் நிழலில் நின்றிருந்தாள். பக்கத்தில் தகரப் பெட்டி, பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரு ஆள். நான் நினைத்ததைவிடக் குள்ளம். திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தேன், அதற்குள் அவன் நேரே என்னிடம் வந்துவிட்டான்.

"அக்கா, பேரிகை பஸ் போயிருச்சுங்களா?"

லைனில் கேட்ட அதே குரல். இன்னும் இல்லை, பதினொன்றரைக்கு என்றேன். இந்த ஊர்தானா என்று கேட்டான். ஆமாம் என்றேன். வெயில் அதிகம் என்றான்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த பூவம்மாள் என்னைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது.

இத்தனை மாதம் அவன் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். என்னிடம் பேசியது இன்றுதான்.