மூன்று சுழி

ராயபுரம்,
12 ஜனவரி 2025

அன்புள்ள கரோலினுக்கு,

நான் கோயிலில் மயங்கி விழுந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டு ஐரீன் உனக்குச் சொல்லியிருக்கிறாள். விழவில்லை. உட்கார்ந்தேன். பூசை முடிந்ததும் அவள் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். முழங்கால் அளவு பனி, நடுவில் சைக்கிளும் ஹெல்மெட்டுமாக நீ. உங்கள் கல்லூரி வெளியிட்ட படமாம். பன்னிரண்டு மாதமும் சைக்கிளில் வேலைக்கு வரும் நூலகர் என்று கீழே பாராட்டு வேறு.

பதினோரு வருடமாக பஸ்ஸில் போவதாக எனக்கு எழுதிக்கொண்டிருந்தாய். எந்த பஸ்?

தெருவுக்கே செய்தி தெரியும். மீன்காரி முத்தம்மா சங்கராவைச் செதில் எடுத்துக்கொண்டே, "இன்னாம்மா, என் மருமவனே பைக்கு வாங்கிட்டான். உம் பொண்ணு அமெரிக்கா போயும் சைக்கிள் மிதிச்சிகினு கீதாமே" என்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். இரண்டு நாளாக வெறும் ரசம்.

சைக்கிளை இன்றே விட்டுவிடு. உன் அப்பா எப்படிப் போனார் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

உன் கிறிஸ்துமஸ் கடிதத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்து பிழை.

அம்மா


9 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பஸ் என்று எழுதியது பொய்தான். நீங்கள் பயப்படுவீர்கள் என்பதற்காக இல்லை, கோபப்படுவீர்கள் என்பதற்காக.

இது சின்ன ஊர். வீட்டிலிருந்து நூலகம் நாலு கிலோமீட்டர். பனி கொட்டிய காலைகளில் கார் ரோட்டுக்கு முன்னால் சைக்கிள் பாதையைத்தான் வழித்துச் சுத்தம் செய்கிறார்கள். என் டயரில் பொடி ஆணிகள் இருக்கின்றன, வழுக்காது. நான் குறுக்கே போகக் காரை நிறுத்திக் காத்திருக்கிறார்கள். முதல் தடவை ஒருவர் அப்படி நின்றபோது, போகாமல் அங்கேயே நின்று அழுதேன்.

அப்பா முப்பது வருடம் துறைமுகத்துக்கு சைக்கிளில் போனார். ஒரு கீறல் இல்லை. அன்று மட்டும் எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஏன் இருந்தார்? என் திருமனப் பத்திரிகையில் அச்சகத்துக்காரர் ஒரு சுழியை விட்டுவிட்டார். கொடுத்த பத்திரிகையை எல்லாம் திரும்ப வாங்கி, புதிதாக அச்சடித்ததைக் கொடுத்துவரச் சொன்னீர்கள். காத்திவாக்கத்தில் அலெக்ஸாண்டர் சித்தப்பா வீடு ஒன்றுதான் பாக்கி. அந்த மழையில் போனார். என் திருமனத்துக்கு அவர் இல்லை.

சைக்கிள் அவரைக் கொல்லவில்லை, அம்மா. இதைச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

இந்தக் கடிதத்தையும் திருத்தி அனுப்பினால் இனி எழுத மாட்டேன்.

கரோலின்


ராயபுரம்,
3 மார்ச் 2025

அன்புள்ள கரோலினுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ எழுதியதெல்லாம் சரி, ஒன்றைத் தவிர. கொடுத்துவரச் சொன்னேன் என்கிறாய். சொல்லவில்லை. துரத்தினேன்.

மழை விட்டதும் போகலாம் என்றார். பிறகு போகவே வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சினார். சைக்கிள் செயினில் மாட்டாமலிருக்கப் போடும் பேன்ட் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "வுடு சுகிர்தம். ஒரு சுழிதானே, எவன் எண்ணிகினு கீறான்" என்றார். எண்ணுவார்கள், கான்வென்ட்டில் படித்தவள் வீட்டுப் பத்திரிகை என்று சிரிப்பார்கள் என்றேன். புதுப் பத்திரிகையை நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்ததும் நான்தான்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அடக்கம் முடிந்த எட்டாம் நாள் அலெக்ஸாண்டர் வந்தார். அப்போதும் நான் பழைய பத்திரிகையைத்தான் கேட்டேன். மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். ஒட்டிய உறை ஒட்டியபடியே இருந்தது. அவர்கள் பிரிக்கவே இல்லை.

அன்றிலிருந்து சைக்கிளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அது எதிர்த்துப் பேசாது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்பதாக நினைத்துக்கொள்ளாதே. நான் கேட்க வேண்டியவர் காசிமேட்டுக் கல்லறையில் இருக்கிறார். நீ சைக்கிளில் போ. இனி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் திருமணத்துக்கு இரண்டு சுழி ன போட்டிருக்கிறாய். சிவப்புப் பேனாவைத் திறந்தேன். அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

என்னைக் குத்துவதற்காகத் தெரிந்தே எழுதினாயா, இல்லை உனக்குத் தமிழ் மறந்துவிட்டதா? எதுவாக இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும். போனில் கூப்பிடாதே. உன் கையால் எழுதி அனுப்பு.

அம்மா