கப்டன் சொன்ன ‘இல்லை’

என் தவம்,

நீ போய் இரண்டு மாதமாகிறது. இன்டர்லாக்கனில் பனி இன்னும் கரையவில்லை. ஹோட்டல் சமையலறையில் அதே தட்டுகள், அதே நீராவி. வேலை முடிந்து அறைக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றக்கூட மனமில்லாமல் கட்டிலில் இருந்துவிடுகிறேன். உனக்கு எழுத வேண்டும் என்று நினைப்பதும் களைப்பில் தள்ளிப்போடுவதுமாய் நாள் போய்விட்டது. இன்று எனக்கு ஓய்வு.

வில் நகரத்தில் நடந்த உன் செத்த வீட்டுக்கு ஒருவர் வந்தார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே முதலில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி, முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய கதை. மட்டக்களப்பில் நம் கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்கு நீ கப்டன். நான் இடது ஓரத்தில் ஓடுகிறவன். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே படுதோல்வி. அணியில் பாதிப்பேருக்குச் சப்பாத்து இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு நீயும் உன்னுடையதைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாய். “அவனுகள் வெறுங்காலோட ஓடக்குள்ள நான் மட்டும் போட்டா எப்பிடி?” என்றாய். அதற்குப் பிறகு நாம் தோற்கவே இல்லை. இறுதியாட்டத்துக்கு ரயில் மாறி மாறி யாழ்ப்பாணம் போனோம்.

ஆட்டம் முடியும் தறுவாயிலும் இரு பக்கமும் கோல் இல்லை. நான் ஓரத்திலிருந்து கொடுத்த பந்தை நீ விழுந்தபடி உதைத்தாய். கோல் காத்துநின்ற அவர்களுடைய கோலி அதன் மேல் பாய்ந்து விழுந்தான். ஒரே புழுதி. றெஃபரி தூரத்தில் நின்றுவிட்டார். ஓடி வந்து உன்னிடம்தான் கேட்டார்.

“கப்டன், நீதான் கிட்ட இருந்தாய். பந்து கோட்டைத் தாண்டினதோ?”

நீ எழுந்து பார்த்தாய். “இல்லை, சேர்.”

அடுத்த சில நிமிடத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். கப் அவர்களுக்குப் போனது. திரும்பும் ரயிலில் உன்னோடு ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. “ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா என்ன?” என்று ஒருவன் கேட்டான். “காணாததைக் கண்டன் எண்டு எப்பிடிடா சொல்லுற?” என்றாய். பிறகு மட்டக்களப்பு வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். வருடக்கணக்காய் உன்னைக் காணும் இடத்தில் எல்லாம் பழைய பெடியன்கள் அதையே குத்திக் காட்டினார்கள். நீ வாதாடியதே இல்லை.

இந்த நாட்டுக்கு வந்து அகதி விசாரணைக்குப் போனபோதும் அப்படித்தான். முகாமில் இருந்தவர்கள் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். “ஆமிக்காரர் அடிச்சவங்கள் எண்டு சொல்லுங்கோ அய்யா. அப்பதான் ஏற்பினம்.” நீயோ உள்ளே போய், “என்னை அடிக்கல்ல. என்ட மகனைத்தான் கொண்டு போனாங்க” என்று உள்ளதைச் சொன்னாய். அகதி என்று உன்னை ஏற்கவில்லை. தற்காலிகமாய் இருக்கலாம், மனைவியைக் கூப்பிட முடியாது என்றார்கள். உன் மகேஸ்வரி அங்கே ஊரில், நீ இங்கே வில்லில். பெட்டி அடுக்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமை டெலிபோன். நெஞ்சு நின்றுபோன காலைவரை அதுதான் உன் வாழ்க்கை.

இனி, வந்தவரைப் பற்றி. உயரமான மனிதர், நரைத்த மீசை. எல்லாரும் போன பிறகும் நின்றார். வில் ஸ்டேஷனில் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

“நீங்களும் அந்த டீமில விளையாடினனீங்களோ?”

“ஓம். இடது பக்கம்.”

“நான் அருளப்பு. அண்டைக்குக் கோலிக்கு நிண்டது நான்தான்.”

சூரிச்சில் மகனோடு இருக்கிறாராம். லாங்ஸ்ட்ராஸ தெருப் பக்கத்துத் தமிழ்க் கடைக் கதவில் உன் மரண அறிவித்தலைக் கண்டிருக்கிறார். கையிலிருந்த கோப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்.

“அது கோல்தான். நான் விழேக்க பந்து கோட்டுக்கு அங்கால கிடந்தது. இழுத்து நெஞ்சுக்குக் கீழ வைச்சனான். அவர் எழும்பிப் பாக்கேக்க பந்து கோட்டில. அவர் கண்டதைத்தான் சொன்னவர். நான்தான் வாய் திறக்கேல்லை.”

கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை, தவம். உடம்பெல்லாம் ஒரு அலுப்புத்தான். “இப்ப ஏன் சொல்லுறியள்?” என்று கேட்டேன்.

“அவர் இவ்வளவு கிட்ட இருந்தது தெரியாமல் போச்சு. உங்களுக்காவது சொல்லாட்டி எனக்கு நித்திரை வராது.”

என் ரயில் வந்துவிட்டது. கை கொடுத்துவிட்டு ஏறினேன். வழியெல்லாம் உன்னைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். இது உனக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பாயா? உண்மை சொன்ன இரண்டு இடத்திலும் தோற்ற மனிதனுக்கு நான் என்ன சொல்வது?

இன்னொரு செய்தி. மகேஸ்வரிக்கு விசா கிடைத்திருக்கிறது, கொஞ்ச நாளைக்கு. உயிரோடு இருந்தவனிடம் வர வழியில்லாமல் இருந்தவள், சாம்பலை எடுத்துப் போக வருகிறாள்.

அருளப்பு இதை அறிந்து எனக்கு டெலிபோன் எடுத்தார். அவளிடமும் தானே நேரில் சொல்ல வேண்டுமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவள் இதுவரை பட்டது காணாதா? என்றாலும் மறைக்கக் கூடாது என்று அவளுக்கு டெலிபோன் எடுத்து நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அவள் சொன்னாள்: “அவர் வரட்டும், அண்ணன். இவரைப் பத்திக் கதைக்க எனக்கு இன்னொரு ஆள் கிடைக்கும்.”

லீவு கேட்டிருக்கிறேன். முதலாளி முறுமுறுத்துவிட்டுத் தந்தார். விமான நிலையத்துக்கு நானே போவேன். அவளுக்கு ஒரு தடித்த கோட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். அவள் திரும்பிப் போகும்வரை இந்தக் குளிரில் அவளைத் தனியே விடமாட்டேன், தவம். நீ இளைப்பாறு.

உன்னோடு ஓடிய மச்சான்,
கனகு