மீன் காவலரின் கடப்பாரை

மார்ச் 3, 1823, திங்கள்

ஊர்க்கூட்டத்தில் என்னை மீன் காவலராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தெருவில் திரியும் பன்றிகளைப் பிடித்து அடைக்கும் பன்றிக் காவலர் வேலைக்கு வழக்கம்போல் புதிதாகக் கல்யாணமான இரண்டு பேரைப் பிடித்துப் போட்டுச் சிரித்தார்கள். என் பெயர் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

பஞ்சு மில்லின் சக்கரத்தைச் சுற்ற மில்காரர்கள் ஆற்றின் குறுக்கே அணை கட்டி நான்கு வருடமாகிறது. வசந்தத்தில் கடலிலிருந்து உல்ல மீன் ஏறி வரும் வாரங்களில் மதகைத் திறந்து வைக்க வேண்டும் என்பது சட்டம். திறக்காவிட்டால் திறந்துவிடும் அதிகாரம் மீன் காவலருக்கு உண்டு. இதுவரை அந்தப் பதவிக்கு வந்தவர்கள் மில் மேனேஜர் விட்கம் ஊற்றிக் கொடுத்த ரம்மைக் குடித்துவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார்கள்.

விட்கம் பின்வரிசையிலிருந்து எழுந்து, "மீனுக்கும் ஒரு ஓட்டு குடுத்துடலாமே, அது ஒண்ணுதான் பாக்கி" என்றான். பாதிக் கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களின் பிள்ளைகள் மில்லில் வேலை செய்கிறார்கள். என் பெண்ணும்தான், ஆனாலும் நான் சிரிக்கவில்லை. வெளியே வரும்போது அவன் தொப்பியைத் தட்டிவிட்டேன். சேற்றில் விழுந்தது. காலுக்கு வாகாகக் கிடந்ததால் மிதித்துவிட்டும் வந்தேன்.

மீனைப் பற்றியா எனக்குக் கவலை? இல்லை. யாரிடமும் சொல்லப்போவதில்லை, இங்கே மட்டும் எழுதுகிறேன். மதகு திறந்தால் தண்ணீர் இறங்கும். இறங்கினால் மூழ்கிக் கிடக்கும் என் புல்வெளி வெளியே வரும். புல் இருந்தால் மாடு வாங்கலாம். மாடு வந்தால் என் பெண் கெசியா மில்லை விட்டு வீட்டுக்கு வருவாள். அவளை வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மார்ச் 30, ஞாயிறு

கெசியா பிரசங்கம் முடிந்து எங்களோடு சாப்பிட வந்தாள். மயிரெல்லாம் பஞ்சுத் தூசி. தறி இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது போல, எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. தெற்கே அடிமைகள் பறித்த பருத்தி கப்பலில் வருகிறதாம். இவள் அதை முரட்டுத் துணியாக நெய்து தள்ளுகிறாள். அந்தத் துணி மறுபடி கப்பலேறி அதே அடிமைகளின் முதுகுக்குப் போகிறதாம். இதற்காகவா என் நிலம் தண்ணீருக்குள் கிடக்கிறது?

கோடைக்குள் உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன் என்றேன். பன்றிக்கறியும் அவரையும் அவள் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. சாப்பிடாமலே சொன்னாள்.

"அங்க மணி அடிச்சா எந்திரிக்கிறேன். இங்க நீங்க கத்தினா எந்திரிக்கணும். மணி கை நீட்டறதில்லப்பா."

கையை ஓங்கிவிட்டேன். என் மனைவி ஜெரூஷா நடுவில் வந்து நின்றாள். அவள் தோளில் பட்டது. கெசியா சால்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளை அந்த மில்தான் கெடுத்து வைத்திருக்கிறது, வேறென்ன.

ஏப்ரல் 12

அணை உச்சியில் இன்னொரு வரிசைப் பலகை அடித்துவிட்டார்கள். தண்ணீர் என் வேலிக்கல்லைத் தாண்டிவிட்டது.

ஏப்ரல் 21, திங்கள்

ஊர் கொடுத்த ஆணையோடு மில்லுக்குப் போனேன். விட்கம் படித்தான். பிறகு என் எதிரிலேயே அதில் மூக்கைச் சிந்தினான். சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு வைத்தேன். நாலு பேர் வந்து பிரித்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவன் யோதாம், ஜெரூஷாவின் தம்பி. போன கோடை வரை என்னோடு புல் அறுத்தவன், இப்போது அணைக்குக் காவல்.

வெளியே வந்தால் மேல்மாடி ஜன்னல்களிலிருந்து பெண்பிள்ளைகள் நூல் கட்டைகளை எறிந்தார்கள். ஒன்று நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. சக்கரம் நின்றால் அவர்கள் கூலியும் நிற்குமே. கெசியா ஜன்னலில் இருந்தாளா? நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மே 2, வெள்ளி

மீன் வந்துவிட்டது. அணைக்கடியில் ஆறு வெள்ளி மாதிரி கொதிக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பலகையில் மோதுகின்றன, விழுகின்றன, மறுபடி மோதுகின்றன. மில் ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நின்று தடியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றோரம் முழுக்கச் செதிலும் முட்டையும் ரத்தமும். மண்வாரியால் அள்ளி வண்டியில் போட்டுப் பன்றிகளுக்கு அனுப்புகிறார்கள்.

மேலூர்க்காரன் எனோஸ் என் பக்கத்தில் நின்று பார்த்தான். அணைக்கு மேலே ஆற்றோரம் இருக்கும் அந்த ஊர் ஏழைகள் குளிர்காலம் பூராவும் இந்த மீனை உப்புப் போட்டுத்தான் சாப்பிடுவார்கள். நான்கு வருடமாக அங்கே ஒரு மீன் போகவில்லை. பேசும்போது சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அண்ணே, நீங்க முன்னாடி நில்லுங்க. நாங்க வர்றோம்" என்றான். நல்ல பையன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மீனுக்காக அழுகிறான். நான் எதற்காக நிற்கிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

மே 5, திங்கள்

உடைத்துவிட்டோம்.

பட்டப்பகலில், ஊர் ஆணையை உரக்கப் படித்துவிட்டுத்தான் ஏறினோம். மதகின் சங்கிலியை எனோஸ் கோடரியால் வெட்டினான். நான் கடப்பாரையைப் பலகைக்கடியில் கொடுத்து நெம்பினேன். யோதாம் கவைக்கோலோடு பலகை மேல் ஓடிவந்தான்.

"மச்சான், எறங்கிடுங்க. என்னைய ஒங்களக் குத்த வச்சிடாதீங்க" என்றான்.

கடப்பாரையைச் சுழற்றினேன். தாடையில் விழுந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. பல்லைத் துப்பிக்கொண்டே விழுந்தவனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது, கீழே இரண்டு பேர் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று தெரியாது. என் விரல் ஒன்றை எவனோ கடித்திருக்கிறான். நான் ஒருவன் காதைத் திருகியது நினைவிருக்கிறது. சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதி என்ன பயன், நான்கு வருடத்தில் இன்றைக்குத்தான் சந்தோஷமாக இருந்தேன்.

பலகைகள் போனதும் அணையின் நடுப்பகுதியே பெயர்ந்துவிட்டது. தண்ணீர் இறங்கிவிட்டதால் சக்கரம் நின்றது. தறிகள் நின்றன. அந்த அமைதியில் மீன்கள் மேலே போயின.

ஜெரூஷா என் விரலுக்குக் கட்டுப் போடவில்லை. தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மே 6

புல்வெளி வெளியே வந்துவிட்டது. நாற்றம், சேறு, செத்த தவளைகள். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நல்ல மண். எங்கேயும் போய்விடவில்லை.

மே 10, சனி

கெசியாவைக் கூட்டி வரப் போனேன். மில் நின்றுபோனதால் விடுதியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். விடுதி காலி.

எல்லாரும் ஆற்றில் இருந்தார்கள். பெண்பிள்ளைகள் பாவாடையைச் சொருகிக்கொண்டு வரிசையாக நின்று கல் கடத்துகிறார்கள். உடைப்பை அடைக்கிறார்கள். விட்கம் கரையில் நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவனுக்குச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. வரிசையின் முனையில் இடுப்பளவு தண்ணீரில் என் பெண். உள்ளங்கை கிழிந்து ரத்தம்.

புல்வெளி வந்துவிட்டது, வீட்டுக்கு வா என்றேன். உன்னை இந்த நரகத்திலிருந்து மீட்கத்தான் உடைத்தேன் என்றேன்.

"என்னைக் கேட்டீங்களா?" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்ணிடமிருந்து அடுத்த கல்லை வாங்கிக்கொண்டாள்.

திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். அத்தனை பேரும் கேட்டார்கள்.

மே 11

நாளை திங்கட்கிழமை மறுபடி உடைக்கிறோம். மீன் காலம் இம்மாதக் கடைசி வரை. சட்டம் என் பக்கம். எனோஸுக்கு ஆள் அனுப்பிவிட்டேன்.

மே 12

எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

மேலூரிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். சிலர் குடித்திருந்தார்கள். எதிரில் மில் ஆட்கள் கல்லும் தடியுமாக. யார் முதலில் எறிந்தது என்று கேட்டால் இரு பக்கமும் சத்தியம் செய்வார்கள். பக்கத்தில் நின்ற ஒருவன் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான், விரலிடுக்கில் ஒழுகியது. நான் மில் ஆள் ஒருவனின் கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கி வைத்திருந்தேன். அவனை விட்டதற்குக் காரணம் கெசியாவின் குரல்.

அவள் புதுப் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனோஸ் அந்தப் பலகைக்கடியில் கடப்பாரையைக் கொடுத்து, தங்கச்சி விடும்மா விடும்மா என்று கத்திக்கொண்டே நெம்பினான். பலகை பிய்ந்தது. இரும்பு எகிறி அவள் தலையில் விழுந்தது. பஞ்சு ஒட்டிய அந்த மயிர் ஒரே சிவப்பு.

நான் என் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனோஸ் அவள் மேல் குனிந்திருந்தான். பின்னாலிருந்து அடிச்சேன். பின்மண்டையில. ஒரே அடி. மறுபடியும் அடிச்சேன்.

அவன் கையில் கடப்பாரை இருந்ததா? இருந்தது. இருந்திருக்கணும். அவளை அடிக்கத்தானே குனிஞ்சான், வேற எதுக்குக் குனிவான்?

என் ஆட்களே என்னை விட்டு விலகி நின்றார்கள். சண்டை அப்படியே நின்றுபோனது. அணை நிற்கிறது. கெசியா மூச்சு விடுகிறாள். எனோஸ் முழிக்கல.

மே 13

எனோஸ் போய்விட்டான். என்னை அழைத்துப்போக ஷெரிஃப் வாசலில் நிற்கிறார்.

மே 29, ஜெயில்

ஜெரூஷா வந்தாள். கெசியா எழுந்து கஞ்சி குடிக்கிறாளாம். தலையில் ஒரு பக்கம் மயிரை மழித்துவிட்டார்கள். அன்று நடந்தது எதுவும் நினைவில்லை என்கிறாளாம். அதைச் சொல்லிவிட்டு ஜெரூஷா போகாமல் நின்றாள். "யோதாம் கஞ்சியத்தான் உறிஞ்சறான். எனோஸ் பொண்டாட்டிக்கு மாசமாம்" என்றாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

ஜூன் 9

விட்கம் வந்திருந்தான். புதுத் தொப்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினான். என்னைக் கண்டால் அவனுக்குக் கோபமே இல்லையாம். மேலூர்க்காரர்கள் எனோஸ் கையில் ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்யப்போகிறார்களாம். அப்படியானால் எனக்குக் கயிறுதான்.

"நான் கரையில நின்னு பாத்துட்டுத்தானே இருந்தேன், ஓபேத். எனோஸ் ஓங்கின கடப்பாரைய என் கண்ணால பாத்தேன். நீங்க முதல்ல தப்புப் பண்ணீங்க, அப்புறம் மனசு மாறி எங்க அணையக் காப்பாத்த வந்தீங்க. அப்படித்தானே?"

கோர்ட்டில் இப்படிச் சொல்வதற்கு அவன் இரண்டு கேட்டான். மீன் காவலர் பதவியை விட்டுவிட வேண்டும், புல்வெளியில் தண்ணீர் நிற்க என் சம்மதம் வேண்டும், அதுவும் நிரந்தரமாக. நாளைக்குப் பதில் சொன்னால் போதும் என்று எழுந்தான். நாளை வரை எதற்கு என்று அப்போதே தலையாட்டினேன்.

ஜூன் 17

விடுதலை.

எனோஸின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று என்னையே பார்த்தாள். விட்கம் பைபிளில் கை வைத்துச் சொன்னதை ஜூரி அப்படியே நம்பியது. ஜூரியில் பாதிப் பேர் மில்லுக்குச் சரக்கு விற்பவர்கள். வெளியே மில் ஆட்கள் எனக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்கள். மேலூர்க்காரர்கள் விட்கம் வீட்டு நாய் என்று கத்தினார்கள். ஒருவன் முகத்தில் துப்பினான். துடைக்கக் கை எழவில்லை. இரண்டு மாதம் முன்னால் என்றால் அவனை அங்கேயே புதைத்திருப்பேன்.

ஜூன் 30

புல்வெளி மறுபடி மூழ்கிவிட்டது. இந்த முறை அது என் சம்மதத்தோடு.

ஜூலை 14, திங்கள்

கெசியா இன்று வேலைக்குத் திரும்பினாள். தழும்பு தெரியாமல் தலைத்துணி கட்டியிருந்தாள். கூட நடந்து வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அணையருகே வந்ததும் நின்றாள். நான் எதுவும் கேட்காமலே, தண்ணீரைப் பார்த்தபடி பேசினாள்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குப்பா. கடப்பாரைய அப்பவே கீழ போட்டுட்டான். என்னைத் தூக்கத்தான் குனிஞ்சான்."

மணி அடித்தது. மற்ற பெண்களோடு சேர்ந்து உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. தறிகள் ஓடத் தொடங்கியதும் காலடியில் மண் அதிர்ந்தது.

கோடைக்குத் தண்ணீர் போதவில்லை என்று மேலே இன்னொரு வரிசை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யோதாம் தனியாக ஒரு பலகையோடு திண்டாடிக்கொண்டிருந்தான். தாடை கோணலாகச் சேர்ந்துவிட்டது, வாய் முழுதாகத் திறப்பதில்லை. என்னைப் பார்த்தான். பிறகு, "மச்சான், அந்த முனையப் புடிங்க" என்றான்.

இறங்கிப் போய்ப் பிடித்தேன். அவன் கடைசி ஆணியை அடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.